கருப்புப் பட்டைச் சான்றிதழ்: பள்ளி தருவதா, தலைமையகம் தருவதா, தேவையே இல்லையா?

கருப்புப் பட்டைத் தேர்வுக்கு ஓரிரு மாதங்கள் இருக்கும்போது மாணவரின் கைக்கு இரண்டு படிவங்கள் வருவதுண்டு. ஒன்று பள்ளியின் சொந்தச் சான்றிதழுக்கானது, கட்டணம் குறைவு. மற்றொன்று அந்தக் கலையின் தலைமையகத்துக்குப் போவது; கட்டணம் பல மடங்கு, சில அமைப்புகளில் ஆண்டுச் சந்தாவும் சேரும். "பட்டை ஒன்றுதானே, கூடுதல் பணம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "நான் போட்டிக்கே போகப் போவதில்லை, எனக்கு எதற்குப் பதிவு?" என்று வயது வந்த மாணவர்கள் கேட்கிறார்கள். பள்ளி மாற வேண்டிய நிலையில் இருப்பவர்களின் கேள்வி இன்னும் கூர்மையானது: "இத்தனை ஆண்டு உழைப்பை அடுத்த இடத்தில் யார் ஒப்புக்கொள்வார்கள்?" கராத்தேயில் நெடுங்காலம் பயின்றும், சில ஆண்டுகள் பயிற்றுவித்தும், இந்த முடிவை ஒருமுறை தவறாகவே எடுத்தும் இருப்பதால், மூவருக்கும் சேர்த்து விரிவாகவே எழுதுகிறேன்.

தரநிலை எதற்காக வந்தது

பழைய ஜப்பானிய போர்க்கலைப் பள்ளிகளில் பட்டைகள் இல்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆசிரியர் மனநிறைவு அடைந்தபோது, உரிமச் சுருள் ஒன்றைத் தருவார். 1882-இல் கொடோக்கான் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, அந்த இடைவெளி மாணவரின் ஊக்கத்தைக் குறைக்கிறது என்று கருதி, 'கோ' என்னும் பலகை விளையாட்டில் ஏற்கெனவே வழங்கிவந்த 'டான்' படிநிலையை ஜூடோவுக்குக் கொண்டுவந்தார். இன்று கருப்புப் பட்டையின் தரங்களே டான் எனப்படுகின்றன. 1883-இல் தோமிதா, சைகோ என்ற இரு மாணவர்களுக்கு முதல் டான் வழங்கப்பட்டது. கராத்தேயில், அதை ஜப்பானில் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் 1924-இல்தான் முதன்முதலாக டான் வழங்கினார். கொரியக் கலையான டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவான், தென்கொரியத் தலைநகர் சோலில் 1972-இல் திறக்கப்பட்டது. காலத்தால் பழமையானவையாகத் தோன்றும் இந்தப் படிகள் உண்மையில் நவீனமானவை.

கானோவின் நாளில் டான் பெற்றவரை டான் கொடுத்தவர் நேரில் அறிந்திருந்தார். இருவரும் ஒரே தளத்தில் புரண்டு எழுந்தவர்கள். கலை பல நாடுகளுக்குப் பரவிய பிறகு, ஒருவரின் தரத்தை அவரது ஆசிரியரையே அறியாத வேறொருவர் நம்ப வேண்டிய நிலை வந்தது. சான்றிதழுக்கு வேலை வந்தது அப்போதுதான். உங்களை அறியாத ஒருவரிடம் உங்கள் ஆசிரியரின் வாக்கைக் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. உங்கள் பயிற்சிக்கூடத்துக்குள் அதற்கு ஏறத்தாழ வேலையே கிடையாது. நீங்கள் எப்படி நிற்கிறீர்கள், எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்பதை அங்கே எல்லோரும் வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, 'எந்தச் சான்றிதழ் உயர்ந்தது' என்று கேட்பதைவிட, 'என்னை அறியாத யாரிடம், எதற்காக இதை நான் காட்டப் போகிறேன்' என்று கேட்பதே சரியான தொடக்கம்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது, ஏற்பு: பள்ளியின் சுவர்களுக்கு வெளியே இதை யார் ஒப்புக்கொள்வார்கள்? இரண்டாவது, சரிபார்ப்பு: தாளில் உள்ள எண்ணைக் கொண்டு மூன்றாம் நபர் ஒருவர் ஏதேனும் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்க முடியுமா? மூன்றாவது, தேர்வின் கடுமை: தரத்தைத் தீர்மானித்தவர் உங்களிடம் மாதக் கட்டணம் வாங்குபவரா, அல்லது உங்களைப் பற்றி முன்பின் அறியாதவரா? நான்காவது, காலக் கணக்கு: அடுத்த தரத்துக்கான காத்திருப்பு எந்த நாளிலிருந்து எண்ணப்படும்? ஐந்தாவது, முழுச் செலவு: படிவத்தில் எழுதியிருக்கும் தொகையோடு, எழுதாத தொகைகளும். ஆறாவது, ஆயுள்: ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ, அமைப்பை விட்டு விலகினாலோ, அமைப்பே உடைந்தாலோ இந்தத் தாளுக்கு என்ன ஆகும்?

இவற்றுள் நான்காவதைத்தான் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுகிறார்கள். பின்னாளில் அதிகம் வலிப்பதும் அதுவே.

பள்ளியின் சொந்தச் சான்றிதழ்

இதைத் தாழ்வாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது; அது நியாயமன்று. நல்ல ஆசிரியர் ஒருவர் எட்டு ஆண்டுகள் உங்களைப் பார்த்துவிட்டு, 'இனி நீ கருப்புப் பட்டை கட்டலாம்' என்று சொன்னால், அதைவிட ஆழமான மதிப்பீட்டை ஒரு பிற்பகல் மட்டும் உங்களைப் பார்க்கும் தேர்வாளர் குழுவால் தர முடியாது. காயம் ஆறி வந்த பிறகு நீங்கள் எப்படிப் பயின்றீர்கள், உங்களைவிட மெலிந்தவரோடு மோதும்போது கையை எவ்வளவு அடக்கினீர்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இன்றும் அடிப்படை இதுதான்: பட்டையை ஆசிரியர் தம் தீர்ப்பின்படி இடுப்பில் கட்டிவிடுகிறார், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான தேர்வு என்று ஒன்று கிடையாது. கோஜு-ரியு கராத்தேயின் நிறுவனர் மியாகி சோஜுன் 1953-இல் மறையும்வரை தம் மாணவர்களுக்கு டான் தரங்களே வழங்கவில்லை. அவரிடம் பயின்றவர்கள் என்பதே அவர்களுக்குப் போதுமான அடையாளமாக இருந்தது.

குறை ஏற்பிலும் ஆயுளிலும் இருக்கிறது. பள்ளியின் தாள் ஆசிரியரின் பெயர் எட்டும் தொலைவு வரைக்கும்தான் செல்லும். இதை நான் பட்டே அறிந்தேன். ஒன்பது ஆண்டுகள் பயின்ற பள்ளியில் இரண்டாம் டான் பெற்றிருந்தேன். அந்தச் சான்றிதழ் உலகெங்கும் செல்லும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வேலை மாற்றலில் வேறொரு நகரத்துக்குப் போனபோது அதைச் சட்டமிட்ட கண்ணாடியோடு புதிய டோஜோவுக்கு (பயிற்சிக்கூடத்துக்கு) எடுத்துச் சென்றேன். அங்கிருந்த மாஸ்டர் மரியாதையாக இரு கைகளாலும் வாங்கினார். பெயரைப் படித்தார், கையால் எழுதப்பட்டிருந்த வரிசை எண்ணைப் பார்த்தார், சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பஸ்ஸாய் டாய் செய்யுங்கள்" என்றார். அந்தக் கத்தா (வரையறுத்த அசைவுகளின் தொடர்) முடிந்ததும், கருப்புக்கு முந்தைய பழுப்புப் பட்டை வரிசையின் கடைசியில் ஆறு மாதம் நிற்கச் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு வேறு வழியும் இல்லை. தாளில் இருந்த அமைப்பின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. தொடர்புகொள்ள முகவரி இல்லை. என் பழைய பள்ளியோ அதற்குள் மூடப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பாணித் தலைமையகத்தின் தேர்வில் முதல் டானுக்குப் புதிதாக அமர்ந்தேன்.

மறைந்த செலவு என்றால் அதுதான். அன்று மிச்சமான பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கை, மறுதேர்வுக்காகவும், அதைவிட அதிகமாகக் காலமாகவும் பின்னாளில் கொடுத்தேன்.

உங்கள் ஆசிரியர் உங்கள் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவர், நீங்கள் இடம்பெயரப் போவதில்லை, போட்டியிலோ பயிற்றுவிப்பதிலோ நாட்டம் இல்லை என்றால், பள்ளிச் சான்றிதழே போதும். கருப்புப் பட்டைக்குக் கீழே உள்ள கியூ, கூப் தரங்களுக்கு எல்லோருக்குமே இதுதான் பொருத்தம். ஒவ்வொரு வண்ணப் பட்டைக்கும் தலைமையகப் பெயரில் தனிக் கட்டணம் கேட்கும் பள்ளியில், அந்தப் பணம் உண்மையில் எங்கே போகிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தலைமையகப் பதிவு

இதை எல்லோரும் ஒரே பொருளாக நினைக்கிறார்கள். ஆனால் 'தலைமையகச் சான்றிதழ்' என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன.

ஜப்பானிய வாட்கலையான கெண்டோ முதல் வகை. தரத்தைத் தீர்மானிப்பவர் உங்கள் ஆசிரியர் அல்லர். தேர்வாளர் குழு ஒன்று. முன்பின் அறியாத எதிராளியோடு ஆடிக் காட்ட வேண்டும், வரையறுக்கப்பட்ட கத்தாக்களைச் செய்ய வேண்டும், எழுத்துத் தேர்வும் உண்டு. இரண்டாம் டானுக்கு ஓராண்டு, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு மூன்று என்று காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். ஏழாவதிலிருந்து எட்டாம் டானுக்குப் பத்து ஆண்டுகள், அதோடு வயது 46 ஆகியிருக்க வேண்டும். ஜப்பானில் நடக்கும் அந்த எட்டாம் டான் தேர்வில் நூறு பேரில் ஒருவர் அளவுக்கே தேறுகிறார்கள். இத்தகைய தேர்வில் கிடைத்த சான்றிதழ் திறமையையே அளக்கிறது. அதைக் கேள்வி கேட்பவர்கள் மிகக் குறைவு.

டேக்வாண்டோவின் குக்கிவான் இரண்டாம் வகை. கொரியாவுக்கு வெளியே, பொதுவாக நான்காம் டானோ அதற்கு மேலோ பெற்ற மாஸ்டர் ஒருவர் தம் மாணவரைத் தாமே சோதித்துப் பரிந்துரைக்கிறார். தலைமையகம் அந்தப் பரிந்துரையை ஏற்று, எண்ணிட்டுப் பதிவு செய்து, சான்றிதழை அனுப்புகிறது. அதாவது, தேர்வின் கடுமை உங்கள் மாஸ்டரின் கடுமையைப் பொறுத்ததே. ஒரே குக்கிவான் முதல் டானை வைத்திருக்கும் இருவரின் உதைகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கக்கூடும். ஆனால் ஏற்பிலும் சரிபார்ப்பிலும் இதற்கு நிகர் குறைவு. எண்ணைக் கொண்டு பதிவைத் தேடிப் பார்க்கலாம். எந்த நாட்டில் உள்ள குக்கிவான் சார்ந்த டோஜாங்குக்கு (டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்துக்கு) போனாலும் உங்கள் டான் உங்களோடு வரும். உலக டேக்வாண்டோ அமைப்பின் பெரும் போட்டிகளில் களமிறங்க இந்த டான் அல்லது பூம் (சிறுவர்க்கான தரம்) சான்றிதழ் வேண்டும்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பு மூன்றாம் வகை. அது தேர்வு வைப்பதில்லை. பட்டை கட்டுவதும் இல்லை. ஆசிரியர் கட்டிய பட்டையைப் பதிவு செய்து, குறைந்தபட்ச விதிகளைக் காக்கிறது: நீலப் பட்டைக்கு 16 வயது, கருப்புக்கு 19 வயது, நீலத்தில் இரண்டு ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் ஓராண்டு. பதிவு பெரும்பாலும் போட்டியாளருக்கே தேவைப்படுகிறது, உறுப்பினர் அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இந்தக் கலையில் போலித் தரம் நெடுநாள் நீடிக்காததற்குக் காரணம் பதிவேடு அன்று, வாரந்தோறும் முழு எதிர்ப்போடு நடக்கும் உருளல், அதாவது பாயில் நடக்கும் பிடிச்சண்டைப் பயிற்சிதான். வேறொரு பள்ளியின் பாயில் ஐந்து நிமிடம் உருண்டால் பட்டையின் நிறம் மெய்யா என்பது தெரிந்துவிடும்.

கராத்தேயில் நிலைமை இன்னும் சிக்கலானது. எல்லாப் பாணிகளுக்கும் பொதுவான ஒரே தலைமையகம் என்று எதுவும் கிடையாது. ஷோட்டோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு, வாடோ-ரியு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்புகள். ஒரே பாணிக்குள்ளும் பல. ஆகவே யாரேனும் 'கராத்தேயின் உலகத் தலைமையகச் சான்றிதழ்' என்று சொன்னால், எந்தப் பாணி, எந்த அமைப்பு, தலைமை ஆசிரியர் யார் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இப்போது காலக் கணக்குக்கு வருகிறேன். குக்கிவானில் முதல் டானிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு, அடுத்து இரண்டு, அதற்கடுத்து மூன்று; ஆக முதலாவதிலிருந்து நான்காவதை எட்ட ஆறு ஆண்டுகள். இந்த ஆண்டுகள் முந்தைய தரம் பதிவான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நீங்கள் பட்டை கட்டிய நாள் கணக்கில் வராது. இன்று பதிவு வேண்டாம் என்று பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டு, ஆறு ஆண்டு உழைத்து, பயிற்றுவிக்கும் எண்ணம் வந்தபின் பதிவு செய்ய முனைபவர், வழக்கமான விதிப்படி முதல் டானில்தான் தொடங்குவார். தம் மாணவரை டானுக்குப் பரிந்துரைக்கும் தகுதி அவருக்கு வர இன்னும் ஆறு ஆண்டு ஆகும். கெண்டோவிலும் ஜூடோவிலும் இதே தருக்கம்தான். பதிவுக் கட்டணத்தை நாளைக்கும் கட்டலாம். கழிந்த ஆண்டுகளைத் திரும்ப வாங்க எந்த அலுவலகத்திலும் வழி கிடையாது.

மறைந்த செலவுகள் இந்த வழியிலும் உண்டு. தேர்வுக் கட்டணம் ஒன்று, பதிவுக் கட்டணம் இன்னொன்று, ஆண்டுச் சந்தா மூன்றாவது. தேர்வு வேறு ஊரில் நடந்தால் பயணமும் தங்குமிடமும். தேர்வுக்கு முன் கட்டாயப் பயிலரங்கு இருக்கலாம். தோற்றால் மறுதேர்வுக்குப் பாதிக் கட்டணமா, முழுக் கட்டணமா என்பது அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். சந்தா சில ஆண்டுகள் விட்டுப்போனால் அடுத்த தேர்வுக்கு முன் நிலுவை முழுவதையும் கட்டச் சொல்லும் அமைப்பும் உண்டு. இவற்றோடு, ஆசிரியர் தம் பங்காகச் சேர்க்கும் தொகை. அது தவறன்று, அவர் நேரம் செலவிடுகிறார், படிவம் நிரப்புகிறார், சில நேரம் தேர்வாளரை வரவழைக்கிறார். ஆனால் தலைமையகத்துக்குப் போவது எவ்வளவு, பள்ளியில் தங்குவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மறுப்பது தவறு.

ஆயுள் என்ற அளவுகோலில் தலைமையகமும் உடையாத கல் அன்று. சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பை 1966-இல் தொடங்கிய சோய் ஹோங் ஹி 2002-இல் மறைந்த பிறகு, ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் அதே பெயருக்கு உரிமை கோருகின்றன. ஜப்பான் கராத்தே சங்கம், தலைமை ஆசிரியர் நகயாமா மசதோஷி 1987-இல் மறைந்தபின் பிளவுகளைச் சந்தித்தது. ஐகிடோவில் தலைமைப் பயிற்றுநராக இருந்த தோஹெய் கோய்ச்சி 1974-இல் அதன் தலைமையமைப்பான ஐகிகாயை விட்டு விலகியபோது உலகெங்கும் ஆசிரியர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய நேரங்களில் உங்கள் பழைய தரம் அழிவதில்லை. ஆனால் அடுத்த தரத்துக்கான பாதை, உங்கள் ஆசிரியர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கமே திரும்பும். உங்களைக் கேட்டு அது நடப்பதில்லை.

கட்டணம் வாங்கித் தரத்தை 'அங்கீகரிக்கும்' தனி அமைப்புகள்

பள்ளிச் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்து தவிப்பவரைத் தேடி வரும் வழி இது. பல கலைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டிருப்பதாகச் சொல்லும் ஓர் அமைப்பு, பழைய சான்றிதழின் படத்தையும் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, தங்க முத்திரையோடு புதிய தாளை அனுப்பும். சில நேரம் ஒரு தரம் கூடுதலாகவும் வரும்.

இவற்றுள் நேர்மையானவையும் இருக்கின்றன: பிளவுகளால் தாயமைப்பை இழந்த மூத்த ஆசிரியர்கள், ஒருவரையொருவர் நேரில் சோதித்து, தரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒன்றுசேர்ந்து அமைத்தவை. அவற்றை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: 'என்னை யார், எங்கே, நேரில் பார்ப்பீர்கள்?' நேரில் பார்க்காமல் டான் தரும் அமைப்பின் தாளுக்கு, அதை அச்சிட்ட காகிதத்தின் விலைதான். காத்திருப்புக் காலம் இல்லாமை, தொகை கூடக்கூடத் தரம் ஏறுதல், பயிலாத கலையிலும் 'இணையான' டான், பட்டியலில் உள்ள பாதிப் பேருக்கு 'சோக்கே' (ஒரு பாணியின் தலைவர்) என்ற பட்டம் ஆகியவை தென்பட்டால் விலகிவிடுங்கள். இதன் மறைந்த செலவு பணம் அன்று. அந்தத் தாளைக் கண்ட நல்ல ஆசிரியர் ஒருவர், உங்கள் உண்மையான உழைப்பையும் சேர்த்தே ஐயப்படுவார்.

சான்றிதழே இல்லாத வழி

குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் பட்டை இல்லை. தாய்லாந்தின் முவே தாய் சண்டைக்கலையிலும் மரபாக இல்லை. யாரோடு மோதினார், முடிவு என்ன என்ற பதிவே அங்கே தரம். பட்டையுள்ள கலைகளிலும், தேர்வில் அமராமல் பயிற்சியை மட்டும் தொடர்பவர்கள் உண்டு. உடல்நலத்துக்கோ தற்காப்புக்கோ வருபவருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. செலவு மிகக் குறைவு; தேர்வுக்காக மட்டும் கத்தாவை மெருகேற்றும் மாதங்கள் மிச்சம்.

ஆனால் தேர்வு என்ற கெடுவுக்கு ஒரு பயன் இருக்கிறது. நாற்பது வயதில் சேர்ந்த மாணவர் பலரைப் பார்த்திருக்கிறேன். தேதி ஒன்று முன்னால் இல்லாதபோது, இடது பக்கத்து உதையைப் போலத் தமக்குப் பிடிக்காத பகுதியை ஒத்திப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். அத்துடன், மூத்தோர் வரிசையில் நின்று இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு, தேர்வே எழுதாதவருக்கு எளிதில் வருவதில்லை.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | பள்ளிச் சான்றிதழ் | தலைமையகப் பதிவு | கட்டண அங்கீகாரம் | சான்றிதழ் இல்லாமை |
|---|---|---|---|---|
| வெளியே ஏற்பு | ஆசிரியரின் பெயர் எட்டும் வரை | அதே அமைப்பின் எல்லாப் பள்ளிகளிலும் | மிகக் குறைவு | போட்டிப் பதிவு இருந்தால் மட்டும் |
| சரிபார்ப்பு | ஆசிரியரைக் கேட்டால்தான் | பதிவேடு, எண் | அமைப்பின் சொல் மட்டும் | பொருந்தாது |
| தேர்வின் கடுமை | ஆசிரியரைப் பொறுத்து | குழுத் தேர்வென்றால் அதிகம். பரிந்துரையென்றால் ஆசிரியரைப் பொறுத்து | நேரில் பார்க்காவிட்டால் இல்லை | களத்தில் தெரியும் |
| காலக் கணக்கு | பிற அமைப்புகளில் செல்லாது | பதிவு நாளிலிருந்து | பிற அமைப்புகளில் செல்லாது | தொடங்குவதே இல்லை |
| தொடர் செலவு | பெரும்பாலும் இல்லை | சந்தா, பயணம், மறுதேர்வு | உறுப்பினர் கட்டணம் | இல்லை |
| பெரிய இடர் | பள்ளி மூடப்பட்டால் சான்றுக்கு ஆள் இல்லை | அமைப்புப் பிளவு | நற்பெயர் இழப்பு | நிரூபிக்க ஏதும் இல்லை |

யாருக்கு எது

பயிற்றுவிக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், முதல் டானிலேயே தலைமையகத்தில் பதிவு செய்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. காலக் கணக்கைப் பற்றி மேலே சொன்னதே காரணம். ஆனால் தரம் வேறு, பயிற்றுவிக்கும் உரிமம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். பிரான்சில் கட்டணம் வாங்கிக் கற்றுத்தர அரசு ஏற்ற தகுதிச் சான்று தேவை. டான் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வகுப்பு நடத்த முடியாது. அங்கே டான் பட்டத்தையே சட்டம் காக்கிறது. அதற்கென அமைந்த குழு வழங்காத டானைத் தம்முடையது என்று பொதுவில் சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை இல்லை. நீங்கள் பயிற்றுவிக்க நினைக்கும் நாட்டில் முதலுதவி, குழந்தைப் பாதுகாப்பு, காப்பீடு போன்றவை டானைவிட முன்னதாகக் கேட்கப்படலாம்.

போட்டியாளருக்கு முடிவு எளிது. போட்டியை நடத்தும் அமைப்பின் விதிகளைப் படித்து, அது கேட்கும் பதிவைச் செய்யுங்கள். வேறெதற்கும் செலவிட வேண்டாம்.

அடிக்கடி இடம் மாறும் வேலையில் இருப்பவருக்குப் பதிவு கட்டாயம் என்றே சொல்வேன். எந்தக் கலையைத் தேர்ந்தெடுப்பது என்ற கட்டத்திலேயே இருப்பவராக இருந்தால், பல நாடுகளில் பள்ளிகள் உள்ள ஓர் அமைப்பைச் சார்ந்த பயிற்சிக்கூடத்தை முதலிலேயே தேடுவது இன்னும் நல்லது.

குழந்தைகளின் பெற்றோருக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குக்கிவான் டான் தருவதில்லை, 'பூம்' தருகிறது. உரிய வயதில் அதை டானாக மாற்றிக்கொள்ளலாம். ஜியு-ஜிட்சுவில் 16 வயதுக்கு முன் நீலப் பட்டையே இல்லை; சிறுவர்களுக்குச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனி வரிசை. பெரிய அமைப்புகள் குழந்தையின் தரத்தை வயது வந்தவரின் தரத்திலிருந்து பிரித்தே வைக்கின்றன என்பதைக் கவனியுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு முழுக் கருப்புப் பட்டை தருவதாகவும், இத்தனை மாதத்தில் அது உறுதி என்றும், மொத்தக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லியும் வரும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். தோற்க முடியாத தேர்வில் கிடைத்த பட்டையை, பதினைந்து வயதில் அந்தக் குழந்தையே நம்பாது. குழந்தை 11, 12 வயதைத் தாண்டியும் விரும்பித் தொடர்ந்தால் அப்போது பூம் பதிவுக்குச் செலவிடுவது பொருளுள்ளது. அதற்கு முன் அந்தப் பணத்தை நல்ல கால்காப்பு, தலைக்காப்பு வாங்கச் செலவிடலாம்.

உடல்நலத்துக்காகப் பயிலும் வயது வந்தவர் பள்ளிச் சான்றிதழோடு நிற்கலாம், சான்றிதழே இல்லாமலும் இருக்கலாம். மனம் மாறக்கூடும் என்று தோன்றினால், முதல் டானை மட்டுமாவது பதிவு செய்துவைப்பது மலிவான முன்னெச்சரிக்கை.

ஏற்கெனவே பள்ளிச் சான்றிதழோடு பல ஆண்டுகள் கடந்துவிட்டவர்கள், இன்றைய திறமைக்கு ஏற்ற தரத்தில் நேரடியாகத் தேர்வெழுத அமைப்பு அனுமதிக்கிறதா என்று முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். சில பாணி அமைப்புகள், மூத்த தேர்வாளர் முன் நேரில் செய்து காட்டினால் முந்தைய தரத்தை ஏற்றுக்கொள்கின்றன. மறுத்தால், அடுத்த தேர்விலேயே முதல் டானுக்கு அமர்ந்துவிடுவது நல்லது. பழுப்புப் பட்டை வரிசையில் நின்ற அந்த ஆறு மாதத்தில்தான் என் முன்னங்காலில் எடை மிகுதியாக விழுகிறது என்பதை முதன்முறையாக ஒருவர் சுட்டிக்காட்டினார். ஒன்பது ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படவில்லை.

படிவத்தில் கையெழுத்திடுமுன்

ஆசிரியரிடம் தனியாக, மரியாதையோடு கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வழங்குவது எந்த அமைப்பு, அதில் உங்கள் தரம் என்ன, உங்கள் பதிவு எண் என்ன? தேர்வாளர்கள் யார்? மொத்தத் தொகையில் தலைமையகத்துக்குப் போவது எவ்வளவு? சான்றிதழ் வந்து சேர எத்தனை மாதம் ஆகும், வராவிட்டால் யாரிடம் கேட்பது? நேர்மையான மாஸ்டர் இந்தக் கேள்விகளால் புண்படுவதில்லை. பலர் தம் சான்றிதழ் கோப்பையே எடுத்துக் காட்டுவார்கள். சான்றிதழ் வருமுன்பே பணம் கட்டிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வாங்கிவிட்டுப் பதிவே செய்யாத இடங்களும் இருக்கின்றன. ஓராண்டு கழித்து அடுத்த டானுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும்.

பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து மாறாமல் நிரப்புங்கள். முதலெழுத்து முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்ற வேறுபாட்டால் பதிவேட்டில் ஒரே மனிதர் இருவராகி, இரண்டாம் டான் விண்ணப்பம் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இரு பக்கமும் ஒளிநகல் எடுத்து வையுங்கள், பிறகு சட்டமிடுங்கள்.